கர்ப்பப்பைக் கட்டியின் அறிகுறிகள்: வீட்டில் கணக்கெடுப்பது எப்படி, கிளினிக்கில் சொல்வது எப்படி

மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மலேசியத் தோட்டத்துப் பெண்கள் பலர் சொல்லும் பதில், "எப்பவும் போலத்தான்." அந்த "எப்பவும்" எந்த வயதிலிருந்து என்பதை அடுத்துக் கேட்க வேண்டும். இருபத்தைந்து வயதில் நான்கு நாளில் முடிந்தது நாற்பதில் எட்டு நாள் ஓடினால், முன்பு ஒரு பாக்கெட் பேட் போதுமாக இருந்த இடத்தில் இப்போது மூன்று பாக்கெட் தேவைப்பட்டால், அது எப்பவும் போல அல்ல. டாக்டர்கள் ஃபைப்ராய்டு என்று சொல்லும் கர்ப்பப்பைக் கட்டி பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடிக்கொண்டே போவதால் உடம்பும் மனமும் பழகிவிடுகின்றன. பழகிப்போனதை ஞாபகத்தை வைத்து அளக்க முடியாது. எழுதி வைத்துத்தான் அளக்க முடியும். அதனால்தான் இந்தக் குறிப்பில் கணக்குப் போடும் பகுதி நீளமாக இருக்கிறது.

கட்டி கர்ப்பப்பையின் தசையிலிருந்தே உருவாகிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதில்லை. ஒன்றே ஒன்று இருக்கலாம், பத்துக்கு மேலும் இருக்கலாம். அரை சென்டிமீட்டர் முதல் 15 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரலாம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும்தான் அதை வளர்க்கின்றன. எனவே முப்பது வயதிலிருந்து ஐம்பது வரை அதிகம் தென்படுகிறது, மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்குகிறது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருந்திருந்தால் வாய்ப்பு கூடுதல். இது புற்றுநோய் அல்ல. கட்டி என்று நினைத்தது புற்றாக இருப்பது மிக மிக அரிது.

கட்டி இருக்கும் பெண்கள் பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. தொல்லை தருமா தராதா என்பதை அளவைவிட, அது இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. கர்ப்பப்பையின் உள்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி 2 சென்டிமீட்டர்தான் இருந்தாலும் ரத்தத்தைக் கொட்டவைக்கும். வெளிப்புறமாக வளர்ந்த கட்டி 7 சென்டிமீட்டர் ஆனாலும் மாதவிடாயில் ஒரு மாற்றமும் காட்டாமல், சிறுநீர்ப்பையையோ மலக்குடலையோ அழுத்திக்கொண்டிருக்கும். தசைக்குள்ளேயே புதைந்திருப்பது இரண்டையும் செய்யக்கூடும். ஆகவே "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இப்படி இல்லையே" என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

ரத்தப்போக்கைக் கணக்கெடுப்பது

ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அதிகம் என்பது மருத்துவ அளவு. ரத்தத்தை யாரும் குவளையில் பிடித்து அளக்கப் போவதில்லை. பேடைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று 1990-இல் வெளியானது. இன்றும் டாக்டர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள், ஒரு காலண்டரும் பேனாவும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். லேசாகக் கறைபட்ட பேடுக்கு 1, பாதியளவு நனைந்ததற்கு 5, முழுதும் ஊறியதற்கு 20. ரத்தக் கட்டி விழுந்தால், 20 சென் காசு அளவுக்கு 1, 50 சென் காசைவிடப் பெரிதாக இருந்தால் 5. முதல் நாளிலிருந்து கடைசிக் கறை வரை கூட்டுங்கள். மொத்தம் 100-ஐத் தாண்டினால் அந்த மாதம் 80 மில்லிக்கு மேல் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு: முதல் நாள் பாதி நனைந்த பேட் மூன்று, 15. இரண்டாம் நாள் முழுதும் ஊறியது நான்கு, 80. பெரிய ரத்தக் கட்டி இரண்டு, 10. மூன்றாம் நாள் ஊறியது இரண்டு, 40. பாதி நனைந்தது மூன்று, 15. நான்காம் நாள் லேசான கறை நான்கு, 4. மொத்தம் 164. நான்கே நாளில் முடிந்துவிட்டது என்பதால் இதை யாரும் அதிகம் என்று நினைக்க மாட்டார்கள். நாளை மட்டும் எண்ணுவதில் உள்ள கோளாறு இதுதான்.

பேட் எண்ணிக்கையை மட்டும் எண்ணுவதிலும் கோளாறு உண்டு, வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் குறிப்பாக. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிற இடத்தில் கழிப்பறை கிடையாது. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும்போது இரண்டு பேடை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொண்டு, மதியம் வீட்டுக்கு வந்துதான் மாற்றுகிறார்கள். கேட்டால் "ஒரு நாளைக்கு மூணுதான்" என்பார்கள். மூன்றும் சொட்டச் சொட்ட ஊறியிருந்தால் அது 60 மதிப்பெண். இரண்டு அடுக்காக வைத்திருந்தால் மேலதற்கும் கீழதற்கும் தனித்தனியாகப் போடுங்கள். சுத்தத்துக்காக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் பத்து பேட் போட்டாலும் ஒவ்வொன்றும் லேசான கறைதான் என்றால் 10 மதிப்பெண்தான் வரும், பயப்பட ஒன்றுமில்லை.

இரவு பேட் நீளமும் தடிமனும் கூடியது, சாதாரண பேடைவிட அதிகம் உறிஞ்சும். அது முழுதும் ஊறியிருந்தால் 20 என்பது குறைவான மதிப்பீடு. பக்கத்தில் "இரவு பேட்" என்று எழுதிவிடுங்கள். ஜெல் வைத்த பேடின் மேற்புறம் உலர்ந்தது போல் தெரியும், கையில் கனத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். துணி பயன்படுத்துகிறவர்கள் எத்தனை மடிப்பு நனைந்து வெளியே வந்தது என்று குறித்தால் போதும். கருத்தடை ஊசி போட்ட மாதத்தையும், தைப்பூசத்துக்கோ தீமிதிக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை எடுத்த மாதத்தையும் தனியாகக் குறியுங்கள். அந்த மாத்திரையை நிறுத்தியதும் வரும் ரத்தம் வழக்கத்தைவிட அதிகமாகலாம், அதை வைத்துக் கட்டி என்று முடிவு செய்யக் கூடாது.

இரண்டு அல்லது மூன்று மாதக் கணக்கு இருந்தால் டாக்டருக்கு நல்ல சாட்சி. ஆனால் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு, அவை கீழே வருகின்றன. கணக்கே போடாதவர்களும் இந்தக் குறிகளைப் பார்த்துக்கொள்ளலாம்: ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, இரவில் எழுந்து மாற்றியும் பாயில் கறை படுவது, இரண்டாம் நாள் வேலைக்குப் போக முடியாமல் போவது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம் தெரிவது.

அழுத்தத்தால் வரும் தொல்லைகள்

இவற்றைக் கர்ப்பப்பையோடு சேர்த்து யாரும் யோசிப்பதில்லை. முன்பக்கம் வளர்ந்த கட்டி சிறுநீர்ப்பையை அழுத்தும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும், இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும், போனாலும் கொஞ்சமாகத்தான் வரும். இனிப்புநீர் என்று நினைத்துச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றதும் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று என்று மருந்து எடுப்பவர்களும் உண்டு. தொற்றென்றால் எரிச்சல் இருக்கும், சிறுநீர் சோதனையில் தெரியும். எரிச்சல் இல்லாமல், சோதனையும் சுத்தமாக இருந்து, அடிக்கடி போவது மட்டும் தொடர்ந்தால் ஸ்கேன் கேளுங்கள். காட்டில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு இந்த அறிகுறி மறைந்துவிடும். வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வழக்கம்போல் தண்ணீர் குடித்து எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

பின்பக்கம் வளர்ந்தால் மலச்சிக்கலும் இடுப்புக்குக் கீழே கனமும் வரும். குனிந்து உரம் போடுவதாலும் கூடை தூக்குவதாலும் வரும் முதுகுவலி ஓய்வு எடுத்தால் குறையும், ஒரு பக்கமாக இருக்கும். கட்டியால் வரும் கனம் ஓய்வு நாளிலும் அடிவயிற்றில் தங்கியிருக்கும், மாதவிடாய்க்கு முன் கூடும். இந்த வேறுபாடு எல்லாருக்கும் பொருந்தாது என்றாலும் சந்தேகிக்க உதவும். உறவின்போது ஆழத்தில் வலி இருப்பதையும் சொல்ல வெட்கப்பட வேண்டாம், அதுவும் ஒரு தடயம்தான்.

வயிறு பெருப்பது தனிக்கதை. கைகால் மெலிந்திருக்க அடிவயிறு மட்டும் முன்னுக்கு வந்தால், கைலி முடிச்சு மேலே மேலே ஏறினால், கவனியுங்கள். பாஜு கூரோங் என்ற நீள மலாய் உடை தளர்வாக இருப்பதால் பல மாதம் தெரியாமலே போகும். தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்த வாரத்தில், அளந்து எழுதலாம்.

கையால் தொட்டுப் பார்ப்பதும் எளிது. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். விரல்களைத் தட்டையாக வைத்துத் தொப்புளிலிருந்து கீழே அடிவயிற்று எலும்பு வரை மெதுவாக அழுத்தி வாருங்கள். அந்த எலும்புக்கு மேலே, நடுவில், கெட்டியான உருண்டை தட்டுப்பட்டால், கர்ப்பப்பை குறைந்தது 12 வாரக் கர்ப்பத்தின் அளவுக்குப் பெருத்திருக்கலாம். தொப்புள் வரை எட்டினால் 20 வார அளவு. டாக்டர்களும் கட்டியின் அளவை இந்த வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். சிறுநீர் கழிக்காமல் தொட்டால் நிறைந்த சிறுநீர்ப்பையே கட்டி போலத் தோன்றும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். வயிற்றில் சதை போட்டவர்களுக்கு ஒன்றும் தட்டுப்படாது, உள்குழிக் கட்டி யாருக்கும் தட்டுப்படாது. எனவே கையில் படவில்லை என்பதற்காக இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ரத்தசோகை: முதலில் தெரியும் அறிகுறி இதுவாகவும் இருக்கலாம்

ரத்தம் மெல்ல மெல்லக் குறையும்போது உடம்பு ஈடுகொடுத்துக்கொண்டே வரும். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிய பெண்ணும் பெரட்டுக்கு வந்து, வேலை முடித்து, சோறும் ஆக்கிவிடுவாள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே என்றாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையானது. முன்பு ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் இப்போது நின்று நின்று ஏறுவது, படுத்திருக்கும்போது நெஞ்சு படபடப்பது, எழுந்தால் கண் இருட்டுவது, நகம் உடைவது, முடி கொட்டுவது, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு இல்லாமல் வெளுத்திருப்பது: இவற்றை வெயில் என்றும் வயசு என்றும் தள்ளிவிடாதீர்கள். பச்சரிசியை வாயில் போட்டு மெல்லும் ஆசை, ஐஸ் கடிக்கும் ஆசை, மண்வாசனை பிடித்துப்போவது ஆகியவையும் இரும்புச்சத்து தீர்ந்துபோனதன் அடையாளம். கர்ப்பிணிக்கு மட்டும் வருவதல்ல.

இரும்பு மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றிலோ எலுமிச்சைத் தண்ணீரோடோ எடுங்கள். தே தாரிக் (பால் தேநீர்), காப்பியோடு எடுத்தால் உடம்பில் சேராது, முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். மூன்று மாதம் ஒழுங்காக எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், மாதந்தோறும் போகும் ரத்தம் மாத்திரை கொடுப்பதைவிட அதிகமாக இருக்கலாம். மாத்திரையை மட்டும் மறுபடி வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. இன்னொன்றும் உண்டு. மலேசியாவில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு உள்ளவர்கள் ஏராளம். இரும்புக் குறைவிலும் தலசீமியாவிலும் ரத்த அணு சிறுத்துத்தான் தெரியும். எனவே ஃபெரிட்டின் சோதனையும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அது 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கிறது.

உடனே போக வேண்டிய நிலைகள்

மணிக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறிக்கொண்டே போவதும் அதோடு தலைசுற்றல் அல்லது மயக்கமும். சிறுநீர் முட்டியும் ஒரு துளியும் வராமல் நிற்பது. திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலி, வாந்தி அல்லது காய்ச்சல். கர்ப்பமாக இருக்கும்போது ரத்தமோ கடுமையான வலியோ. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 999. காம்பு போல் தொங்கும் கட்டி முறுக்கிக்கொண்டாலும், கர்ப்பத்தின்போது கட்டிக்கு ரத்த ஓட்டம் போதாமல் போனாலும் இப்படித் திடீர் வலி வரும்.

மாதவிடாய் நின்று ஓர் ஆண்டுக்குப் பிறகு ஒரு சொட்டுக் கறை தெரிந்தாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். "பழைய கட்டிதான்" என்று யாரும், டாக்டர் உட்பட, பார்க்காமலே சொல்லக் கூடாது. அந்த வயதில் கர்ப்பப்பைப் புற்று இல்லை என்று உறுதி செய்வதுதான் முதல் வேலை.

கிளினிக்கில்

தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) காய்ச்சல், காயம் பார்ப்பார்; இதற்கு டவுனில் உள்ள அரசு கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அடையாள அட்டை, மாதவிடாய்க் கணக்கு எழுதிய காலண்டர், சாப்பிடும் எல்லா மருந்தும், ஜாமு என்ற மூலிகை மருந்து உட்பட, கையோடு இருக்கட்டும். "உடம்பு சரியில்லை, களைப்பு" என்று மட்டும் சொன்னால் வைட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். மலாயில் சொல்ல வேண்டியிருந்தால் இந்த ஒரு வாக்கியம் போதும்: "டாரா ஹைட் பாஞாக், பெர்கெத்துல்-கெத்துல், சூடா தீகா பூலான்." மாதவிடாய் ரத்தம் நிறைய, கட்டி கட்டியாக, மூன்று மாதமாக என்று பொருள். பெண் டாக்டர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம். அன்று வேலைக்குப் போக முடியாததற்கு எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், 1955 வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு.

அங்கே நடக்க வேண்டியவை கர்ப்பச் சோதனை, முழு ரத்தச் சோதனை, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, பிறகு ஸ்கேன் அல்லது ஸ்கேனுக்கான கடிதம். பாப் ஸ்மியர் எடுத்தாயிற்று, எல்லாம் சரி என்பதை வைத்துக் கட்டி இல்லை என்று சொல்ல முடியாது. அது கர்ப்பப்பை வாயில் புற்றுக்கு முந்திய மாற்றத்தைத் தேடும் சோதனை, கட்டியைக் காட்டாது. 45 வயதைத் தாண்டியவருக்கு உள்சுவரிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லலாம், மறுக்காதீர்கள். அதிக ரத்தத்துக்குத் தைராய்டு கோளாறு, உள்சுவர்ச் சதை வளர்ச்சி, காப்பர்-டி, ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து எல்லாமே காரணமாகலாம். கர்ப்பப்பை முழுதும் வீங்கி, மாதவிடாயில் வலி முன்னணியில் இருந்தால் அடினோமயோசிஸ் என்ற வேறொரு நோயாகவும் இருக்கலாம். அறிகுறியை வைத்து மட்டும் பிரிக்க முடியாது, ஸ்கேன்தான் பிரிக்கும்.

சுங்கை சிப்புட் போன்ற டவுனிலிருந்து பெண்நோய் நிபுணரைப் பார்க்க ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். "சூராட் ருஜுக்கான்" என்ற பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் அலைச்சல்தான் மிச்சம். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு நான்கு குவளை, ஏறக்குறைய ஒரு லிட்டர், குடித்துவிட்டு அடக்கிக்கொள்ள வேண்டும். பஸ் ஏறும் முன் குடித்தால் பாதி வழியில் தாங்காது. போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு குடியுங்கள். உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு மாறாகச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். கல்யாணமாகாத பெண்ணுக்கு மேல்வழி ஸ்கேனே போதுமா என்று கேட்க உரிமை உண்டு. சம்மதமில்லாமல் உள்பரிசோதனை செய்ய மாட்டார்கள். இந்தப் பயத்தினாலேயே மகளை டாக்டரிடம் காட்டாத தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிக்கையில் மூன்று செய்தி இருக்கிறதா பாருங்கள்: எத்தனை கட்டி, ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர், எந்த இடம். சப்மியூக்கஸ் என்றால் உள்குழி, இன்ட்ராமூரல் என்றால் தசைக்குள், சப்சீரோசல் என்றால் வெளிப்புறம். சிலர் 0 முதல் 8 வரை எண் போடுவார்கள். 0, 1, 2 உள்குழியைத் தொடுபவை, அதிக ரத்தத்துக்கும் குழந்தை தங்காததற்கும் காரணமாகக்கூடியவை. 2 சென்டிமீட்டர்தானே என்று சொல்லி அனுப்பினால், "எந்த இடத்தில் டாக்டர்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கர்ப்பப்பையையே எடுக்கச் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சிப் பலர் ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறார்கள். தொல்லை தராத கட்டிக்குச் சிகிச்சையே தேவையில்லை. தொல்லை தந்தாலும் ரத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் வைத்த கருத்தடைச் சாதனம், கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் முறை என்று வழிகள் இருக்கின்றன. கர்ப்பப்பையை எடுப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. இன்னும் குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், வழி அதைப் பொறுத்து மாறும். வயிற்றை அழுத்தி உருவிவிடுவதால் கட்டி கரையாது. பாட்டிலில் விற்கும் ஜாமு கட்டியைக் கரைக்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை; லேபிளில் எம்.ஏ.எல். என்ற அரசுப் பதிவு எண் இல்லாததைத் தொடவே வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின் போடாதீர்கள், ரத்தம் கூடும்.

பொறுத்திருந்து பார்ப்போம் என்று டாக்டர் சொன்னால் மறு ஸ்கேன் எப்போது என்று தேதியோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பழைய அறிக்கையை அடுத்த முறையும் கொண்டுபோங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் கட்டி வளர்ந்ததா என்று அவரால் சொல்ல முடியாது. நடுவில் மாதவிடாய்க் கணக்கு இரண்டு மாதம் தொடர்ந்து ஏறினால் அந்தத் தேதி வரை காத்திருக்காமல் காலண்டரோடு கிளினிக்குக்குப் போய் ஹீமோகுளோபினைச் சோதித்துக்கொள்ளுங்கள்.